சாது என்றொரு பெயர்

2018, மார்ச் மாதம். தனக்கு ஏதோ ஓர் அபூர்வ நோய் வந்திருக்கிறது என்று ட்விட்டரில் நாலு வரி எழுதினார் இந்தி நடிகர் இர்ஃபான் கான். என்ன நோய் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான்... ஆளாளுக்கு ஒரு வியாதியை எடுத்து அவர் தலையில் கட்டினார்கள். பத்துப் பதினோரு நாள் கழித்து அவரே பெயரைச் சொன்னார் - ‘நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்’. சொன்ன கையோடு ஒரு விளக்கமும் தரவேண்டியிருந்தது அவருக்கு. ‘நியூரோ என்று வந்தாலே மூளை என்று அர்த்தமில்லை!’

பாவம், நோயாளியே பாடம் எடுக்க வேண்டிய நிலைமை!

ஆனால், பெயரால் குழப்பம் உண்டாவது இந்த நோய்க்குப் புதிதில்லை. அது நூறு வருடத்துக்கும் மேலான கதை. பெயர் தப்பாகப் போனதால் பல தலைமுறை டாக்டர்கள் ஏமாந்தார்கள். சிறுகுடலுக்குள் பட்டாணி சைஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டியை, உயிரோடு இருக்கும் மனிதனின் வயிற்றில் கண்ணால் பார்ப்பதற்கு எக்ஸ்ரே, ஸ்கேன் என்று என்னென்னவோ செய்தும் அது அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது ஒரு தந்திரத்தால். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஜெர்மனிக்குப் போவோம். 1907, செப்டம்பர். டிரெஸ்டன் நகரில் நோய்க்குறியியல் நிபுணர்களின் மாநாடு. மியூனிக்கிலிருந்து வந்திருந்த ஸீக்ஃப்ரீட் ஓபர்ன்டோர்ஃபர் எழுந்து பேசினார். வயது 31. அவருடைய வேலை, இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்ப்பது. அப்படிப் பார்த்ததில் ஆறு பேரின் சிறுகுடலில் விநோதமான சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தன. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அசல் புற்றுநோய் மாதிரியே தெரிகிறது. ஆனால், புற்றுநோய்க்கு உண்டான அட்டகாசம் எதுவும் இல்லை. மெதுவாக வளர்கிறது, இருந்த இடத்திலேயே இருக்கிறது, பக்கத்து உறுப்புகளுக்குப் பரவவில்லை. ‘புற்றுநோய் மாதிரி, ஆனால் புற்றுநோய் இல்லை’ என்று முடிவுகட்டி, அதற்கு ‘கார்சினாய்டு’ என்று நாமகரணம் செய்தார். ‘கார்சினோமா’ என்றால் புற்று. ‘ஆய்டு’ சேர்த்தால் ‘மாதிரி’. ஆக, சாதுவான கட்டி!

இவருக்கு முன்னால் இந்தக் கட்டியை யாரும் பார்த்ததில்லையா என்றால், பார்த்திருக்கிறார்கள். 1888-லேயே ஓட்டோ லூபார்ஷ் என்ற இன்னொரு ஜெர்மானியர் இரண்டு உடல்களில் பார்த்து எழுதியிருக்கிறார். 1890-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் ரான்ஸம் என்ற டாக்டர் எழுதியதுதான் முக்கியம். அவருடைய நோயாளி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சாப்பிட்டால் போதும், வயிற்றுப்போக்கு, கூடவே இழுப்பு. இறந்த பிறகு பார்த்தால் குடலில் கட்டி, கல்லீரல் நிறையக் கட்டி. அதாவது இது சாதுவே இல்லை என்பதற்கான சாட்சி, ‘சாது’ என்ற பெயர் பிறப்பதற்கு 17 வருடம் முன்பே அச்சில் இருந்தது. யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஓபர்ன்டோர்ஃபரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கண்ணில் பட்டவை அப்படிப்பட்டவைதான். குடல்வால் ஆபரேஷன்களில் தற்செயலாக அகப்பட்ட இதே வகைக் கட்டிகளும் பெரும்பாலும் தொந்தரவு கொடுக்காதவையாகவே இருந்தன. பெயர் பரவி, பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால், மனிதர் நேர்மையானவர். தொடர்ந்து கணக்கு வைத்துக்கொண்டே வந்தார். 1929-ல் 36 கேஸ்களை வைத்து மறுபடி எழுதினார். ‘இவை பரவவும் கூடும், கெட்டவையாகவும் ஆகக் கூடும்’ என்று தன் பழைய கருத்தைத் தானே திருத்திக்கொண்டார். எத்தனை விஞ்ஞானிகளுக்கு இந்த மனசு வரும்?

நான்கு வருடம் கழித்து ஹிட்லர் வந்தார். ஓபர்ன்டோர்ஃபர் யூதர். 1933-ல் வேலையைப் பறித்தார்கள். அப்போது துருக்கியில் அட்டாடுர்க் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனி துரத்திய பேராசிரியர்களை, ‘இங்கே வாருங்கள்’ என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்ட புத்திசாலி அவர். அப்படிப் போன ஓபர்ன்டோர்ஃபர், அங்கே துருக்கி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, 1944-ல் அங்கேயே இறந்துபோனார். உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது அவருடைய 1907 கருத்தை. 1929 திருத்தத்தைக் கோட்டைவிட்டது.

சரி, இந்தக் கட்டி எதிலிருந்து முளைக்கிறது? நம் குடல் சுவரில் ஆங்காங்கே தனித்தனியாகச் சில செல்கள் சிதறிக் கிடக்கின்றன. 1897-ல் இவற்றை விவரித்தவர், கார்கிவ் பல்கலைக்கழகத்தின் நிகோலாய் குல்சிட்ஸ்கி. (இவர் கதை தனி சினிமா. ஜார் ஆட்சியின் கடைசிக் கல்வி மந்திரி! புரட்சிக்குப் பிறகு தப்பித்து லண்டன் வந்து சேர்ந்தார். 1925-ல் அங்கே லிஃப்ட் விபத்தில் உயிர்விட்டார்.) 1914-ல் பிரான்ஸில் கோஸே, மாஸோன் என்ற இருவர், வெள்ளி உப்பில் சாயமேற்றிப் பார்த்து, கார்சினாய்டு முளைப்பது இந்த செல்களிலிருந்துதான் என்று காட்டினார்கள். இவை பாதி நரம்பு செல்லின் குணம், பாதி சுரப்பியின் குணம் கொண்டவை. ஹார்மோன்களைத் தயாரித்து ரத்தத்தில் விடுபவை. ‘நியூரோ’வும் ‘எண்டோகிரை’னும் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது இதனால்தான். மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி ஸ்வீடன். 1950-களின் தொடக்கம். 19 வயதுப் பையன் ஒருவன் இதயக் கோளாறு என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறான். முகம் விநோதமாக நிறம் மாறுகிறது. வலப்பக்க இதய வால்வுகள் கெட்டிருக்கின்றன. பிறவிக் கோளாறு என்று நினைத்த டாக்டர்கள், ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் பரிசோதனைக்குப் பிறகு பையன் பிழைக்கவில்லை. உடலைத் திறந்தால்... சிறுகுடலில் கார்சினாய்டு. கல்லீரல் முழுக்க அதன் பரவல். எங்கே படமெடுத்தார்கள், எங்கே இருந்தது நோய்!

1952-ல் அந்த கேஸ் அச்சில் வந்தது. 1954-ல் அதே ஸ்வீடன்காரர்கள் - டோர்சன், ப்யோர்க், வால்டன்ஸ்ட்ரோம் முதலானோர் - முழுச் சித்திரத்தையும் வரைந்தார்கள். குப்பென்று முகம் சிவப்பது, வயிற்றுப்போக்கு, இழுப்பு, வால்வு கெடுவது... எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் குடல் கட்டி. அது கணக்கில்லாமல் சுரந்து தள்ளும் ரசாயனங்களில் பிரதானமானது, 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டுப் பெயர் சூட்டப்பட்ட செரடோனின்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் நல்ல வாட்ச்மேன். வருகிற செரடோனினை எல்லாம் உடைத்துப் போட்டுவிடும். அதனால் கட்டி குடலில் மட்டும் இருக்கும் வரை முகம் சிவக்காது. கட்டி கல்லீரலுக்கே பரவி, வாட்ச்மேனைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும்போதுதான் பெரும்பாலும் இந்த அறிகுறிகள் தலைகாட்டும். அதாவது, நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும்போது ஏற்கெனவே லேட்!

அதற்கு முன்னால்? எப்போதாவது வயிற்றைப் பிசையும். எப்போதாவது போகும். ‘டென்ஷன் ஸார்’, ‘ஹோட்டலில் சாப்பிடாதீங்க’, ‘குடல் எரிச்சல் நோய்தான், பயப்படாதீங்க’. நடுத்தர வயதுப் பெண்களுக்கு முகம் சிவந்து வியர்த்தால், ‘மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்.’ இழுப்புக்கு ஆஸ்துமா மருந்து. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான பதில்கள்தான். 2014-ல் பல நாடுகளில் கிட்டத்தட்ட 1,900 நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையே சராசரியாக 52 மாதங்கள். நாலு வருடத்துக்கு மேல்!

செரடோனின் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் பொருளை அளக்க 1950-களிலேயே வழி கிடைத்தது. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். (அதற்கு முன் வாழைப்பழம் சாப்பிடக் கூடாது. வாழைப்பழத்திலும் செரடோனின் உண்டு!) ஆனால், ஊரில் திருடன் இருக்கிறான் என்று மட்டும்தான் இந்தப் பரிசோதனை சொல்லும். எந்தத் தெரு, எந்த வீடு? அதைச் சொல்ல படம் வேண்டும்.

அங்கேதான் சிறுகுடல் விளையாட்டுக் காட்டியது. கிட்டத்தட்ட இருபது அடி நீளம். வயிற்றுக்குள் மடித்து மடித்து வைத்த கயிறு. வாய் வழியாக விடும் எண்டோஸ்கோப் அதன் ஆரம்பத்தோடு நின்றுவிடும். கீழிருந்து விடுவது, அதன் கடைசி முனையை எட்டிப் பார்ப்பதோடு சரி. நடுவில் இருப்பது ஆளில்லாத தேசம். பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அது குடலின் உள்வடிவத்தைக் காட்டும். ஆனால், இந்தக் கட்டி முளைப்பது சவ்வுக்கு அடியில். மேலே மேடு தட்டுகிற அளவுக்கு வளர்ந்தால்தான் தெரியும்.

1971-ல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் வந்தது. முதலில் மூளைக்கு, சில வருடங்களில் வயிற்றுக்கும். இப்போது வேறொரு வேடிக்கை. அசல் கட்டி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. படத்தில் அகப்படாது. ஆனால், அது குடலைத் தாங்கும் சவ்வில் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் பரவி, அங்கே சுற்றிலும் இருக்கிற திசுவைச் சுருக்கி இழுக்கும். சி.டி. படத்தில் அது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி தெரியும். அனுபவசாலி ரேடியாலஜிஸ்ட் அதைப் பார்த்ததும், ‘ஆஹா, கார்சினாய்டு!’ என்று கண்டுபிடித்துவிடுவார். மகனைக் காணவில்லை, பேரன் வீட்டுக்கு வழி தெரிந்தது என்கிற கதை!

சி.டி. ஸ்கேன் தற்செயலாக உதவுவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-ல் இப்படித்தான், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் அகப்பட்டது. அவருக்குக் குடலில் இல்லை, கணையத்தில். ஆனால் இதே குடும்பம்தான். கண்டுபிடித்தும், ஒன்பது மாதம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார் என்பது இன்னொரு சோகம். 2011-ல் காலமானார்.

குடலுக்குள்ளேயே ஒரு கேமராவை அனுப்பினால் என்ன என்று இஸ்ரேலில் ஒருவருக்குத் தோன்றியது. கவ்ரியேல் இட்டான். ஏவுகணைக்குக் ‘கண்’ தயாரிக்கும் இன்ஜினீயர்! மாத்திரை மாதிரி விழுங்கினால், வினாடிக்கு இரண்டு படமாக எடுத்துக்கொண்டே போய் மறுநாள் வழக்கமான வழியில் வெளியேறிவிடும். 2001-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. பிரமாதமான யோசனைதான். ஆனால், சவ்வுக்கு அடியில் இருக்கும் கட்டியை இதுவும் சில சமயம் கோட்டைவிடும். குடல் சுருங்கியிருந்தால் மாத்திரையே அங்கே சிக்கிக்கொள்ளவும் கூடும்.

இத்தனை நேரம் எல்லோரும் தேடியது கட்டியின் உருவத்தை. உருவம்தான் சின்னது ஆயிற்றே! அதன் குணத்தைப் பிடித்தால்?

கதை இப்போது கலிஃபோர்னியாவுக்கு, ஸால்க் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. ரோஜர் கியுமான் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் லட்சக்கணக்கான ஆடுகளின் மூளைத்துணுக்குகளை அரைத்து வடித்துக்கொண்டிருந்தார்கள். தேடியது, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளை. 1973-ல் பால் பிரேஸோ ஒன்றைப் பிடித்தார். சோதித்தால் நேர் எதிர்! அது வளர்ச்சி ஹார்மோனைத் தடுத்து நிறுத்தியது. ‘ஸொமாட்டோஸ்டாட்டின்’ என்று பெயர் வைத்தார்கள். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது பொக்கிஷம். பிற்பாடுதான் தெரிந்தது, வளர்ச்சி ஹார்மோனுக்கு மட்டுமல்ல. உடம்பில் பல சுரப்பிகளுக்கு இது பிரேக் என்று. 1977-ல் கியுமானுக்கு நோபல் பரிசு.

ஒரே சிக்கல், இந்த பிரேக் ரத்தத்தில் ஓரிரு நிமிடம்கூடத் தாங்காது, கரைந்துவிடும். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஸாண்டோஸ் கம்பெனிக்காரர்கள், அதன் 14 கண்ணிகளில் அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டுக் கண்ணியில் ஒரு நகல் செய்தார்கள். 1982-ல் வந்த அதுதான் ஆக்ட்ரியோடைட். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்தது. கார்சினாய்டு நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டபோது முகச்சிவப்பும் வயிற்றுப்போக்கும் அடங்கின.

ஏன் அடங்கின என்பதில்தான் துப்பு இருந்தது. ஸொமாட்டோஸ்டாட்டின் ஒரு சாவி என்றால், அது போய் உட்கார செல்லின் மேல் ஒரு பூட்டு வேண்டும். பெர்ன் நகரின் ழான்-குளோத் ரூபி, அறுத்தெடுத்த கட்டிகளைச் சீவிச் சீவிப் பார்த்தார். பெரும்பாலான கார்சினாய்டுகளின் மேல் இந்தப் பூட்டு கொத்துக் கொத்தாகத் தொங்கியது!

ஹாலந்தின் ராட்டர்டாமில் ஹார்மோன் நிபுணர் லாம்பர்ட்ஸும் அணு மருத்துவ நிபுணர் எரிக் கிரெனிங்கும் யோசித்தார்கள். சாவியில் துளி கதிரியக்கத்தைத் தடவி ரத்தத்தில் விட்டால், அது தானே தேடிப்போய்ப் பூட்டில் உட்காருமே! வெளியே காமிராவை வைத்துக்கொண்டு, எங்கே மினுக்குகிறது என்று பார்த்தால் போதுமே!

செய்தார்கள். கதிரியக்க அயோடினை ஒட்டவைக்க ஆக்ட்ரியோடைட்டில் இடமில்லை. ஒரு கண்ணியை மாற்றி, இடம் உண்டாக்கினார்கள். 1989-ல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. உயிரோடு இருக்கும் நோயாளியின் உடம்பில் கட்டிகள் விளக்குப் போட்ட மாதிரி தெரிந்தன.

ஆனால், குடல் மறுபடியும் மக்கர் செய்தது. அயோடின் ஒட்டிய சாவியைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குள் கொட்டியது. விளைவு, குடல் மொத்தமும் தீபாவளி! கட்டி எது, கழிவு எது? அடுத்த முயற்சியில் அயோடினைத் தூக்கிவிட்டு இண்டியம் என்ற உலோகத்தைப் பிடித்து வைக்கும் ஒரு ரசாயனக் கொக்கியை மாட்டினார்கள். இது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். குடல் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டில் கட்டி பளிச்! 1993-ல் ராட்டர்டாம்காரர்கள் ஆயிரம் நோயாளிகளுக்கு மேல் பார்த்த அனுபவத்தை எழுதினார்கள். 1994-ல் அமெரிக்க அனுமதி. கல்லீரலில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களுக்கு எலும்பில் புள்ளிகள் தெரிந்தன. ‘எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை’ என்று கைவிரிக்கப்பட்ட சிலருக்குக் குடலில் அந்த மூலக்கட்டி தெரிந்தது.

இண்டியம் படத்துக்குப் பொறுமை வேண்டும். ஊசி போட்டு, நாலு மணி நேரம் கழித்து ஒரு படம், மறுநாள் இன்னொரு படம். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே மங்கல். இந்தக் குறையைத் தீர்த்தது காலியம்-68. இதை உண்டாக்கப் பெரிய அணு உலையோ சைக்ளோட்ரானோ ஆஸ்பத்திரியில் தேவையில்லை. ஈயக் கவசத்துக்குள் ஒரு குழாயில் ஜெர்மானியம்-68 இருக்கும். அது தானாகச் சிதைந்து காலியத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தை விட்டு அலசினால் காலியம் இறங்கி வரும். சில மணி நேரத்தில் மறுபடி ஊறிவிடும். இந்தக் கருவிக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘பசு’! காலியத்தை எடுப்பதற்குப் பெயர், பால் கறப்பது! பசு ஒரு வருடம் வரை கறக்கும். பால்தான் உடனே கெட்டுவிடும். 68 நிமிடத்தில் பாதி வீரியம் போய்விடும். கறந்த சூட்டோடு சாவியில் ஏற்றி ஊசி போட்டு, ஒரு மணி நேரத்தில் பெட் ஸ்கேனில் படுக்க வைத்தால், அரை சென்டிமீட்டர் புள்ளிகூடத் தெரியும்.

2001-லிருந்தே ஐரோப்பாவில் இதில் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2016-ல். இந்த ஒரு விஷயத்தில் நாம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நூறு நோயாளிகளுக்கு மேல் இந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2011-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள்.

சாதாரண பெட் ஸ்கேனும் இதுவும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண பெட், சர்க்கரையைத் தேடும். வேகமாக வளரும் புற்று சர்க்கரையை அள்ளித் தின்னும், மினுக்கும். நம் ‘சாது’ மெதுவாக வளர்கிறவர். சர்க்கரையைச் சீண்டமாட்டார். ‘பெட் ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை’ என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் ஏமாந்தது இதில்தான். அதே குடும்பத்தில் மூர்க்கமான ரகமும் உண்டு. அது பூட்டுகளை உதறிவிடும். காலியம் சாவி உட்காராது. அங்கே சர்க்கரை பெட்தான் கைகொடுக்கும். இர்ஃபான் கான் தனக்கு வந்தது வேகமாக வளரும் ரகம் என்று 2018 ஜூனில் எழுதினார். லண்டனில் சிகிச்சை எடுத்தார். 2020, ஏப்ரல் 29 அன்று மும்பையில் காலமானார்.

சாவியும் பூட்டும் பொருந்துகிறது என்று படத்தில் தெரிந்துவிட்டால், அதே சாவியில் விளக்குக்குப் பதில் வெடியைக் கட்டி அனுப்பலாம் இல்லையா? லுட்டீஷியம்-177 அந்த வெடி. சிறுகுடல் கட்டி பரவிய 229 பேரிடம் சோதித்த முடிவு 2017 ஜனவரியில் வந்தது. இருபது மாதம் கழித்து நோய் முன்னேறாமல் இருந்தவர்கள், இந்த சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களில் 65 சதவிகிதம். பழைய ஊசியை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொண்டவர்களில் 11 சதவிகிதம். யாருக்கு இதைக் கொடுக்கலாம் என்று சொல்வது அந்த ஸ்கேன்தான்.

இதைப் படித்துவிட்டு, நாலு நாள் வயிறு சரியில்லை என்றவுடன் காலியம் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். அமெரிக்காவில் 2012 கணக்குப்படி, உடம்பின் எல்லா இடங்களையும் சேர்த்தே லட்சம் பேரில் ஏழு பேருக்குத்தான் இது வந்தது. 1973-ல் அதே கணக்கு, லட்சத்துக்கு ஒருவர். நாற்பது வருடத்தில் நோய் ஏழு மடங்கு பெருகிவிட்டதா? கொஞ்சம் பெருகியிருக்கலாம். ஆனால், முன்பு குடலிலேயே மறைந்திருந்து, ஆளோடு சேர்ந்தே புதைந்து போனவை இப்போது படத்தில் தெரிகின்றன என்பதும் பெரிய காரணம்.

2000-ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தலை மாற்றி, ‘கார்சினாய்டு’ என்ற பெயரை ஓரங்கட்ட ஆரம்பித்தது. 2010-ல், இவை எல்லாமே கெட்டதாக மாறக் கூடியவை என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, எத்தனை வேகமாகப் பெருகுகிறது என்பதைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தது. ஓபர்ன்டோர்ஃபர் 1929-ல் சொன்னதுதான். முகம் சிவந்து, வயிறு போய், இழுப்பு வருகிற அந்தத் தொகுப்பை மட்டும் டாக்டர்கள் இன்றைக்கும் ‘கார்சினாய்டு சிண்ட்ரோம்’ என்றுதான் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.